வீடு கட்டி முடித்த பிறகு வந்த வெறுமை

கேள்வி: டாக்டர், எனக்கு 46 வயது. திண்டுக்கல் பக்கத்தில் அரசு உதவி பெறும் பள்ளியில் ஆசிரியை. 11 வருடம் சீட்டுப் போட்டு, நகையை அடகு வைத்து, வங்கிக் கடன் வாங்கி ஒரு வீடு கட்டினோம். தை மாதம் பால் காய்ச்சிக் குடிவந்தோம். மகனுக்கும் படிப்பு முடிந்து புனேயில் வேலை கிடைத்துவிட்டது. ஆசைப்பட்டதெல்லாம் நடந்துவிட்டது. ஆனால் குடிவந்த பத்தாவது நாளிலிருந்தே மனசு வெறிச்சென்று கிடக்கிறது. ஐந்து மாதமாகிறது. சமைக்கிறேன், பள்ளிக்குப் போகிறேன், எதிலும் பிடிப்பில்லை. விடியற்காலை 3 மணிக்கே முழிப்பு வந்துவிடுகிறது. ராத்திரி பதினொன்றரை வரை போனில் ரீல்ஸ் தள்ளிக்கொண்டிருக்கிறேன். அதிலும் சந்தோஷமில்லை, விடவும் முடியவில்லை. பழைய வாடகை வீட்டில் சாயந்திரமானால் பக்கத்து வீட்டு அக்காக்களோடு வாசற்படியில் உட்கார்ந்து பூக்கட்டுவோம். இங்கே சுற்றி இன்னும் வீடுகள் வரவில்லை. கணவர், "உனக்கு என்ன குறைச்சல்?" என்கிறார். மகன், "டோபமின் டீடாக்ஸ் பண்ணும்மா" என்று வீடியோ அனுப்புகிறான். கூட வேலை பார்க்கும் டீச்சர், "செரடோனின் கம்மி, தினம் வாழைப்பழம் சாப்பிடு" என்கிறார். என் மூளையில் ஏதாவது தீர்ந்துபோய்விட்டதா? அதற்கு டெஸ்ட் இருக்கிறதா? இல்லை, நான்தான் நன்றி கெட்டவளா?

பதில்:

அன்புள்ள சகோதரி,

கடைசியாகக் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மற்ற கேள்விகளை விட அதுதான் உங்களை அதிகம் அரிக்கிறது என்று நினைக்கிறேன். நீங்கள் நன்றி கெட்டவர் இல்லை. கிடைத்ததை மதிக்காதவர்கள் விடியற்காலை 3 மணிக்கு எழுந்து உட்கார்ந்து, "எனக்கு ஏன் சந்தோஷம் வரவில்லை" என்று வருந்திக்கொண்டிருக்க மாட்டார்கள்.

உங்கள் மூளையில் எதுவும் தீர்ந்துபோகவும் இல்லை. இதைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்ல வேண்டும். டோபமினை "மகிழ்ச்சி ஹார்மோன்" என்று எல்லாரும் சொல்லிச் சொல்லி, உங்களைப் போன்றவர்கள் தங்களைத் தாங்களே தப்பாகப் புரிந்துகொள்கிறீர்கள். என் அறைக்கு வருகிறவர்களில் பலர் இப்போது, "டாக்டர், எனக்கு டோபமின் கம்மி" என்று தாங்களே முடிவுசெய்துகொண்டு வந்து உட்காருகிறார்கள்.

இந்தப் பேர் எப்படி வந்தது என்றால், 1954-ல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஓல்ட்ஸ், பீட்டர் மில்னர் என்ற இருவர் எலியின் மூளைக்குள் மெல்லிய கம்பி ஒன்றைச் செருகி, எலி ஒரு கட்டையை அழுத்தினால் அந்த இடத்தில் சிறிது மின்சாரம் பாயும்படி வைத்தார்கள். எலி விடாமல் அழுத்தியது. பிற்பாடு நடந்த சோதனைகளில் மணிக்கு ஆயிரக்கணக்கான தடவை அழுத்திய எலிகளும் உண்டு. மூளையின் இன்ப மையத்தைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று உலகமே நம்பியது. அந்தப் பாதையில் ஓடும் முக்கியமான ரசாயனம் டோபமின் என்பது பின்னால் தெரிந்ததும், அதற்கு மகிழ்ச்சி ரசாயனம் என்ற பேர் ஒட்டிக்கொண்டது. அந்த எலி இன்பத்தில் அழுத்தியதா, அல்லது நிறுத்த முடியாமல் அழுத்தியதா என்ற கேள்வியை ரொம்ப நாள் யாரும் கேட்கவில்லை.

அதைக் கேட்டவர்களில் முக்கியமானவர் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கென்ட் பெரிட்ஜ். எலியின் நாக்கில் சர்க்கரைத் தண்ணீர் பட்டால் அது உதட்டை நக்கிச் சப்புக்கொட்டும். நம் வீட்டுக் கைக்குழந்தைக்குச் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைத்தால் முகம் எப்படி மலரும், கிட்டத்தட்ட அதேதான். பெரிட்ஜும் அவருடைய சகாக்களும் எலிகளின் டோபமின் நரம்புகளை ஏறக்குறைய முழுவதுமாக அழித்துப் பார்த்தார்கள். 1989-ல் வெளிவந்தது அந்த ஆய்வு. டோபமின்தான் இன்பம் என்றால் அந்த எலிகள் சப்புக்கொட்டுவதை நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. நாக்கில் இனிப்பு பட்டால் முன்பு போலவே ரசித்தன. ஆனால் தாமாகப் போய்ச் சாப்பிட மட்டும் அசையவில்லை. உணவு பக்கத்திலேயே இருந்தாலும் பட்டினி கிடந்தன. குழாய் வழியாக ஊட்டித்தான் உயிரோடு வைத்திருந்தார்கள்.

சகோதரி, இந்த எலிகளைப் பற்றி முதன்முதலில் படித்த நாளில் என் நோயாளிகள் பலரின் முகம் என் கண்முன் வந்தது. அதுவரை, "செய்யத் தோணலை" என்பதையும் "செய்தா நல்லா இல்லை" என்பதையும் நான் ஒரே புகாராகத்தான் எழுதிக்கொண்டிருந்தேன். மூளைக்குள் அவை இரண்டும் வேறு வேறு. ஒன்றை ஆசை என்றும் இன்னொன்றை ருசி என்றும் வைத்துக்கொள்வோம். ஒன்றை நோக்கி நம்மை ஓடவைப்பது ஆசை. டோபமின் பெரும்பாலும் அதன் ஆள். கிடைத்ததை அனுபவிப்பது ருசி. அதற்கு மூளையில் சின்னச் சின்னப் புள்ளிகள் இருக்கின்றன. எலியில் ஒரு கன மில்லிமீட்டர் அளவுதான். அங்கே வேலை செய்வது உடம்பு தானே சுரக்கும் அபின் போன்ற பொருள்களும், கஞ்சாவின் வேதிப்பொருளை ஒத்த வேறு சில பொருள்களும். ஆசைக்கான பாதை மூளையில் அகலமானது, ருசிக்கான இடம் குறுகலானது என்பதையும் கவனியுங்கள்.

இப்போது உங்கள் ரீல்ஸ் விஷயத்துக்கு வாருங்கள். "சந்தோஷமில்லை, விடவும் முடியவில்லை" என்று எழுதியிருந்தீர்கள். ருசி இல்லாத ஆசை எப்படி இருக்கும் என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் எழுதிவிட முடியாது. அடுத்ததில் ஏதாவது நல்லது இருக்கும், அதற்கடுத்ததில் இருக்கும் என்று விரல் தள்ளிக்கொண்டே போகிறது. மனசு ஒரு இடத்திலும் உட்காரவில்லை.

வீட்டு விஷயமும் இதில்தான் வருகிறது. 1990-களில் வோல்ஃப்ராம் ஷூல்ட்ஸ் என்ற நரம்பியல் ஆய்வாளர், குரங்குகளின் டோபமின் நரம்புகள் எப்போது துடிக்கின்றன என்று ஒவ்வொன்றாக அளந்தார். எதிர்பாராமல் பழச்சாறு கிடைத்தபோது அவை துடித்தன. ஒரு அடையாளம் தெரிந்தால் சாறு வரும் என்று குரங்கு பழகிய பிறகு, அந்த அடையாளத்தைப் பார்த்ததும் துடித்தன. சாறு வாய்க்கு வந்தபோது புதிதாக எதுவும் துடிக்கவில்லை. எதிர்பார்த்த சாறு வராமல் போனாலோ, இருந்த துடிப்பும் அடங்கியது. எதிர்பார்த்தபடியே வந்து சேரும் நல்லதுக்கு இந்த நரம்புகள் தனியாக எந்தக் கொண்டாட்டமும் நடத்துவதில்லை.

நீங்கள் 11 வருடம் ஒரு வீட்டை எதிர்பார்த்தீர்கள். அஸ்திவாரம் போட்ட நாள், கான்கிரீட் போட்ட நாள், நிலை வைத்த நாள், ஒவ்வொரு தவணை கட்டிய நாள் என்று ஒவ்வொன்றும் "வரப்போகிறது, வரப்போகிறது" என்ற அடையாளமாக இருந்திருக்கும். அந்த வருடங்களில் பணம் இல்லை, தூக்கம் இல்லை, ஆனால் ஓட ஒரு திசை இருந்தது. பால் பொங்கிய அன்றோடு அந்தத் திசை முடிந்துபோனது. அதே மாதங்களில் மகனையும் ரயில் ஏற்றிவிட்டீர்கள். இருபது வருடமாக அவனை ஆளாக்குவது இன்னொரு ஓட்டம். ஒரே நேரத்தில் இரண்டும் நின்றால் மனசு தடுமாறாமல் இருப்பதுதான் ஆச்சரியம். மேற்படிப்பு முடிவுகள் வந்த வாரம் நானும் விடுதி அறையில் அப்படிச் சும்மா உட்கார்ந்திருக்கிறேன். அம்மா தொலைபேசியில் ஆனந்தப்பட்டு அழுதுகொண்டிருந்தார். எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. அப்போது அதை யாரிடமும் சொல்ல வெட்கமாக இருந்தது.

சரி, இது மட்டும்தான் என்றால் ஒரு மாதம், இரண்டு மாதத்தில் தானாகத் தேறியிருக்க வேண்டும். உங்களுக்கு ஐந்து மாதம் ஆகிவிட்டது. அதனால் கடிதத்தை நான் இரண்டாம் தடவை படித்தேன். படித்தபோது, நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்டுப் போன ஒரு வரியில் கண் நின்றது. வாசற்படியும் பூக்கட்டுவதும்.

ஆசைப்பட்ட வீடு உங்களுக்குக் கிடைத்துவிட்டது. ஆனால் உங்கள் ருசி இருந்த இடத்தைக் காலிசெய்துவிட்டு வந்திருக்கிறீர்கள். யாரும் அதை ஒரு இழப்பாகக் கணக்கு வைக்கவில்லை, நீங்களும் வைக்கவில்லை. பின்லாந்தின் டுர்க்கு நகரத்தில் 2017-ல் வெளியான ஒரு ஆய்வில், நெருங்கிய நண்பர்களோடு சேர்ந்து சிரித்தவர்களின் மூளையை ஸ்கேன் செய்து பார்த்தார்கள். நான் மேலே சொன்ன, உடம்பு தானே சுரக்கும் அபின் போன்ற பொருள் அவர்கள் மூளையில் கூடுதலாகச் சுரந்திருந்தது. 12 ஆண்களை வைத்துச் செய்த சின்ன ஆய்வுதான், அதை மட்டும் வைத்து எதையும் நிரூபித்துவிட முடியாது. ஆனால் உதிரி மல்லியை மடியில் போட்டுக்கொண்டு, வாழைநாரை விரலில் சுற்றி, நாலு பேர் ஊர்க்கதை பேசிச் சிரித்த அந்த முக்கால் மணி நேரம் உங்கள் மூளைக்கு என்ன கொடுத்துக்கொண்டிருந்தது என்பதை அந்த ஆய்வு இல்லாமலேயே நீங்கள் அறிவீர்கள்.

1978-ல் அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில் பெரிய லாட்டரிப் பரிசு விழுந்த 22 பேரிடம் ஃபிலிப் பிரிக்மன் என்ற உளவியலாளரும் சகாக்களும் பேசினார்கள். பரிசு விழாதவர்களை விட அவர்கள் அப்படியொன்றும் அதிக மகிழ்ச்சியோடு இல்லை என்பதைப் பலரும் சொல்வார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு: நண்பரோடு பேசுவது, காலைச் சாப்பாடு, ஒரு நகைச்சுவையைக் கேட்பது போன்ற அன்றாடச் சின்ன விஷயங்களில் அந்தப் பரிசுக்காரர்களுக்குக் கிடைத்த சந்தோஷம் குறைவாக இருந்தது. (இதே ஆய்வைக் காட்டி, விபத்தில் உடல் முடங்கியவர்களும் மற்றவர்களைப் போலவே மகிழ்ச்சியாக இருந்தார்கள் என்று பரப்புகிறார்கள். அது தவறு. அவர்கள் தங்கள் மகிழ்ச்சியை மற்றவர்களை விடக் குறைவாகவே மதிப்பிட்டிருந்தார்கள். துன்பத்தை லேசாக்கிப் பேசும் அந்தப் பொய் எனக்குப் பிடிப்பதில்லை.)

இனி டெஸ்ட் பற்றி. மூளையில் டோபமினோ, மனநிலையோடு சேர்த்துப் பேசப்படும் இன்னொரு ரசாயனமான செரடோனினோ எவ்வளவு இருக்கிறது என்று சொல்லும் ரத்தப் பரிசோதனை கிடையாது. உடம்பில் உள்ள செரடோனினில் 90 சதவீதத்துக்கும் மேல் குடலில்தான் சுரக்கிறது. ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே உள்ள தடுப்பைத் தாண்டி அது உள்ளே போகாது. வாழைப்பழத்தில் இருப்பதும் அப்படித்தான். உங்கள் ஊர்ச் சிறுமலைப் பழத்தை அதன் ருசிக்காகச் சாப்பிடுங்கள், மருந்தாக எண்ணிச் சாப்பிட வேண்டாம்.

"ரசாயனம் குறைந்தால் மனச்சோர்வு" என்ற எண்ணம் பரவியதற்கு நம் நாட்டுச் செடி ஒன்றும் காரணம் என்பது பலருக்குத் தெரியாது. சர்ப்பகந்தி. பித்துக்கும் ரத்தக் கொதிப்புக்கும் அது உதவும் என்று 1931-லேயே இந்திய மருத்துவர்கள் எழுதினார்கள். 1952-ல் சுவிட்சர்லாந்தில் அதிலிருந்து ரெசர்பின் என்ற மருந்தைப் பிரித்தெடுத்தார்கள். ரத்தக் கொதிப்புக்காக அதைச் சாப்பிட்ட சிலர் மனம் சோர்ந்துபோவதை மருத்துவர்கள் கவனித்தார்கள். அது மூளையின் செரடோனின், டோபமின் இருப்பைக் காலிசெய்கிறது என்பதும் தெரிந்தது. ஸ்வீடனின் அர்விட் கார்ல்சன் இந்த மருந்தால் அசைவற்றுப்போன முயல்களுக்கு டோபமினாக மாறும் பொருளைக் கொடுத்து மறுபடி நடமாட வைத்தார். 2000-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இங்கிருந்துதான் அந்த எளிய கணக்கு வளர்ந்தது. ஆனால் செரடோனின் குறைவுதான் மனச்சோர்வுக்குக் காரணம் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை என்று 2022-ல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த ஒரு மதிப்பாய்வு சொன்னது. அதைப் படித்துவிட்டு மாத்திரையெல்லாம் வீண் என்று சிலர் பேசுகிறார்கள். அதுவும் சரியில்லை. 2018-ல் லான்செட் இதழில் வந்த ஒரு தொகுப்பு, 522 சோதனைகளில் 1,16,000-க்கும் மேற்பட்டவர்களின் விவரங்களைப் பார்த்தது. அதில் பார்த்த 21 மனச்சோர்வு மருந்துகளுமே வெற்று மாத்திரையை விட நன்றாக வேலை செய்திருந்தன. பலன் மிதமானது, ஆனால் உண்மையானது. காய்ச்சலுக்குக் காரணம் பாராசிட்டமால் பற்றாக்குறை இல்லை, ஆனாலும் அது காய்ச்சலைக் குறைக்கிறதல்லவா? அப்படி எடுத்துக்கொள்ளுங்கள்.

டோபமின் டீடாக்ஸ் என்று ஒன்று கிடையாது என்பதை உங்கள் மகனிடம் சொல்லுங்கள். அது கழுவி வெளியேற்ற வேண்டிய நஞ்சு இல்லை. அது குறைந்துபோனால் என்ன ஆகும் என்பதற்கு, கை நடுங்கி உடல் அசைவு மந்தமாகும் பார்க்கின்சன் நோய்தான் சாட்சி. ராத்திரி போனைத் தள்ளி வைப்பது மட்டும் நல்ல யோசனை. அதற்கு அந்தப் பெரிய பேர் தேவையில்லை.

இப்போது நான் கவலைப்படும் இடத்துக்கு வருகிறேன். இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல் இருப்பதும், வழக்கத்தை விட வெகு முன்னதாக விடியற்காலையில் முழிப்பு வருவதும் சேர்ந்தால் அதை மனச்சோர்வு நோயாக இருக்கலாம் என்றே நாங்கள் பார்ப்போம். ஒரு வாசகர் கடிதத்தை வைத்து நான் அதை உறுதிசெய்ய முடியாது, செய்யவும் கூடாது. இந்த வாரமே ஒரு மருத்துவரை நேரில் பாருங்கள். தைராய்டு, ஹீமோகுளோபின், பி12 மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். 46 வயதில் மாதவிலக்கு ஒழுங்கு மாறியிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். தைராய்டு சுரப்பு குறைந்தாலே இதே மாதிரி உலகம் சாம்பல் நிறமாகத் தெரியும். பிறகு மனநல மருத்துவர். மாவட்டத் தலைநகரில் அரசு மருத்துவமனையிலேயே மனநலப் பிரிவு இருக்கிறது. ஆசிரியை அங்கே போனால் ஊர் என்ன சொல்லும் என்று யோசிப்பீர்கள். சர்க்கரைக்கு மருந்து வாங்க வரிசையில் நிற்கிறவர்களை ஊர் என்ன சொல்கிறதோ, அதையே சொல்லட்டும்.

இன்னொன்றையும் நேரடியாகவே கேட்கிறேன், ஏனென்றால் 3 மணி இருட்டில் இது பலருக்கு வரும். இருந்து என்ன ஆகப்போகிறது, செத்துப்போனால் தேவலை என்ற நினைப்பு உங்களுக்கு வந்திருக்கிறதா? வந்திருந்தால் மருத்துவர் சீட்டுக்குக் காத்திருக்க வேண்டாம். அன்றே கணவரிடம் சொல்லுங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கு, அதாவது அரசின் மனநல உதவி எண்ணுக்கு, போன் செய்யுங்கள். இலவசம், இரவிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.

அப்புறம், நீங்களாகச் செய்யக்கூடியது. "மனசு சரியானதும் பழைய மாதிரி எல்லாம் செய்வேன்" என்றுதான் எல்லாரும் நினைக்கிறோம். இந்த நோயில் அது தலைகீழ். ஆசை எழும்வரை காத்திருந்தால் அந்த எலி மாதிரி உணவுக்குப் பக்கத்திலேயே பட்டினி கிடப்போம். ஆசை இல்லாமலேயே போய் உட்கார வேண்டும். வாயில் பட்டால் ருசி தெரிய வாய்ப்பு உண்டு. வெறும் ஆறுதலுக்காக இதைச் சொல்லவில்லை. கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் மனநல மருத்துவர் விக்ரம் பட்டேல் குழுவினர் இதைத்தான் சிகிச்சையாகச் செய்து பார்த்தார்கள். மருத்துவர்கள் இல்லை, பயிற்சி பெற்ற சாதாரண உள்ளூர் மக்கள்தான் ஆலோசகர்கள். ஆறிலிருந்து எட்டு சந்திப்பு. நின்றுபோன செயல்களைச் சிறிது சிறிதாக மறுபடி தொடங்கவைப்பதுதான் மைய வேலை. 2017-ல் முடிவுகள் வந்தபோது, மூன்று மாதத்தில் வழக்கமான கவனிப்பு பெற்றவர்களில் 39 சதவீதம் பேர் தேறியிருந்தார்கள். இந்த ஆலோசனையும் சேர்த்துப் பெற்றவர்களில் 64 சதவீதம்.

உங்களுக்கு எது முதல் செயல் என்று நான் தேட வேண்டியதே இல்லை. இந்த வாரம் ஒரு நாள் பள்ளி விட்டதும் நேராகப் பழைய தெருவுக்குப் போங்கள். வழியில் கால் கிலோ உதிரிப்பூ வாங்கிக்கொள்ளுங்கள். போகப் பிடிக்காது, அலுப்பாக இருக்கும், "அவர்கள் இப்போது என்னை எதிர்பார்க்கிறார்களா என்ன" என்று மனசு தடுக்கும். போகும் முன் ஒரு துண்டுத்தாளில், இது எவ்வளவு நன்றாக இருக்கும் என்று பத்துக்கு ஒரு மதிப்பெண் போடுங்கள். திரும்பி வந்ததும் உண்மையில் எவ்வளவு இருந்தது என்று இன்னொன்று போடுங்கள். நீங்கள் மதிப்பெண் போட்டுப் பழகியவர்தானே. மனச்சோர்வில் இருப்பவர்களின் முன்மதிப்பு பெரும்பாலும் குறைவாகவே இருக்கும். இரண்டாவது எண் ஒன்று, ஒன்றரை கூடி வருவதை நான் பலரிடம் பார்த்திருக்கிறேன். ஒருவேளை இரண்டும் ஒரே மாதிரி இருந்தால் மனம் உடைய வேண்டாம், அந்தத் தாளை மருத்துவரிடம் காட்டுங்கள். அவருக்கு அது மிகப் பயன்படும். வாரம் இரண்டு நாள், நான்கு வாரம்.

ராத்திரி போனை அடுப்படியில் சார்ஜ் போட்டுவிட்டுப் படுங்கள். 2007-ல் நடந்த ஒரு ஆய்வில், ஒரு ராத்திரி முழுக்கத் தூங்காதவர்களின் மூளையில் பயத்தையும் கலக்கத்தையும் கிளப்பும் பகுதி, நன்றாகத் தூங்கியவர்களை விட 60 சதவீதம் அதிகமாகக் கொதித்தது. 3 மணிக்கு முழிப்பு வந்தால் புரண்டுகொண்டு கிடக்காதீர்கள். எழுந்து வேறு அறையில் மங்கல் வெளிச்சத்தில் உட்காருங்கள், கண் சொருகும்போது வந்து படுங்கள். எத்தனை மணிக்குத் தூங்கினாலும் காலையில் எழும் நேரத்தை மாற்றாதீர்கள். 3 மணிக்குத் தோன்றும் எந்த முடிவையும் நம்பாதீர்கள், காலை 10 மணிக்கு மறுபடி யோசிக்கலாம்.

இந்தப் பத்தியை மட்டும் உங்கள் கணவரிடம் காட்டுங்கள். ஐயா, "உனக்கு என்ன குறைச்சல்" என்று நீங்கள் கேட்பது அவர் மனதைத் தேற்றத்தான் என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்தக் கேள்விக்குச் சரியான பதில் சொல்ல முடியாததால் அவர் பேசுவதையே குறைத்துக்கொள்வார். "இன்னைக்கு எப்படி இருந்துச்சு?" என்று கேட்டுவிட்டு, என்ன சொன்னாலும் குறுக்கே பேசாமல் கேளுங்கள். மருத்துவரிடம் கூடவே போங்கள். பழைய தெருவிலிருந்து திரும்ப இருட்டிவிட்டால் வண்டியில் போய்க் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

சகோதரி, அந்த அக்காக்களில் யாராவது இன்னும் உங்கள் புது வீட்டைப் பார்க்காமல் இருந்தால், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அவர்களைச் சாப்பிடக் கூப்பிடுங்கள். ரத்தப் பரிசோதனை முடிவுகள் வந்ததும் எனக்கு எழுதுங்கள். அந்தத் துண்டுத்தாளில் இருக்கும் இரண்டு எண்களையும் சேர்த்து எழுதுங்கள்.